குளமா, பசுமைக் கூரையா: யாழ்ப்பாணத்து மழைக்கு எது பொருந்தும்?

யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு 1,200 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. கேட்பதற்கு நல்ல மழைதான். ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசியில் தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்குக் கிணறுதான் தஞ்சம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறுகூட மாரிக்கு மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் போய் விழுந்துவிடும். அதனால் நகரத்தில் ஒரு குளத்தைத் திருத்துவதென்றாலும் சரி, ஒரு கட்டடத்தின் மேல் புல் வளர்ப்பதென்றாலும் சரி, முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த மழைத்தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது?

இந்த இரண்டு யோசனைகளும் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றன. ஆரியகுளம் 2021 இல் திருத்தப்பட்டுச் சுற்றிவர நடைபாதையும் வந்தபிறகு, தங்கள் பகுதிக் குளத்தையும் இப்படிச் செய்யலாமே என்று பலர் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானோ மாமாவோ அங்குள்ள பசுமைக் கூரைகளின் படத்தை அனுப்பி, "அங்கேயும் செய்யலாமே" என்கிறார். இரண்டும் நல்லவைதான். ஆனால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டிய விலை ஒன்று இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக்கு முதலில் குளம். பசுமைக் கூரை அதற்குப் பிறகு, அதுவும் சில இடங்களில் மட்டும். காரணம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது.

கல்லுக்குள் இருக்கும் தண்ணீர்

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். மழைநீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து வெடிப்பும் பொந்தும் குகையுமாக ஆக்கிவைத்திருக்கிறது. நிலாவரைக் கிணறும் அப்படிக் கரைந்து மேற்பகுதி இடிந்து விழுந்த ஒரு பள்ளம்தான். அதன் மேல்மட்டத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதும் இதே வேலைதான்: உள்ளூரில் பெய்த மழை கல்லின் வெடிப்புகள் வழியே நடந்துபோய்க் கடற்கரையில் வெளிவருகிறது.

நமது கிணற்றுத் தண்ணீர் எல்லாமே மழையிலிருந்து வந்தது. அது கீழேயிருக்கும் கடல்நீரின் மேல், காய்ச்சிய பாலில் ஆடை மிதப்பதுபோல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சற்று அடர்த்தியானது என்பதால் இந்த மிதப்பு சாத்தியமாகிறது. நிலத்தடி நீரியலில் இதற்கு ஓர் எளிய விதி உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி குறைத்தால், நாளடைவில் உப்புநீர் கீழேயிருந்து 40 அடி மேலே வரப் பார்க்கும். வெடிப்பும் குகையும் நிறைந்த கல்லில் இந்தக் கணக்கு இடத்துக்கிடம் கூடிக் குறையும். போக்கு மட்டும் மாறாது.

ஆகவே மாரியில் நிலத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு லீற்றரும் உப்பைக் கீழே அமுக்கிவைக்கும் சுமை. மதிலோரம் சீமெந்து போட்ட முற்றம், தார் வீதி, கடைத்தொகுதி எல்லாம் அந்தத் தண்ணீரை வெள்ளவாய்க்காலில் தள்ளி நேரே கடல்நீரேரிக்கு அனுப்பிவிடுகின்றன. அதை வழியில் மறித்து, நின்று இறங்க வைக்கும் இடம்தான் குளம்.

குளம் செய்யும் வேலை

ஓர் ஏக்கர் குளத்தில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 12 இலட்சம் லீற்றர். வீட்டுக்கூரைகளில் 1,000 லீற்றர் தாங்கிகள் வைத்திருக்கிறோமே, அப்படி 1,200 தாங்கி. 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டியபோது நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் எப்படி மூழ்கின என்பது பலருக்கு நினைவிருக்கும். அப்படியான நாளில் ஒரு குளம் முழு வெள்ளத்தையும் தடுத்துவிடாது. ஆனால் தண்ணீர் வரும் வேகத்தைக் குறைக்கும், வீட்டுக்குள் வர இருந்ததில் ஒரு பங்கைத் தன் வயிற்றில் வாங்கிக்கொள்ளும். நல்லூர் சங்கிலியன் தோப்புப் பக்கத்தில் 'ப' வடிவில் இருக்கும் யமுனா ஏரி, பொது நூலகத்துக்குக் கிட்டவுள்ள புல்லுக்குளம், நாயன்மார்க்கட்டுக் குளம் என்று பழைய நகரத்துக்குள் நீர்நிலைகள் அங்கங்கே இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தாழ்ந்த இடத்தில் தண்ணீருக்கென்று இடம் விட்டுத்தான் ஊர் வளர்ந்திருக்கிறது.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் பெரிய பிரச்சினைகளில் ஒன்று நைத்திரேற்று. தோட்டங்களுக்குப் போடும் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது கீழே இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் நிறையவே உண்டு. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் இது கூடிய ஆபத்து. குளத்தின் அடியில் படியும் சேற்றில் ஒட்சிசன் இருக்காது. அங்கே வாழும் பக்ரீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றைப் பயன்படுத்தி, அதை நைதரசன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகின்றன. எல்லாவற்றையும் அது எடுத்துவிடாது. ஆனாலும் பைசா செலவில்லாமல் நடக்கும் சுத்திகரிப்பு இது.

பிறகு உயிர்கள். மார்கழிக் காலையில், சீமெந்துக் கட்டு இல்லாத ஒரு குளக்கரையில் கொஞ்ச நேரம் குந்தியிருந்து பாருங்கள். கரையோரம் முழங்கால் அளவு தண்ணீர், அதில் கோரை. ஒரு கோரைத் தண்டில், நீருக்கு அரையடி மேலே, காய்ந்த பழுப்புநிறக் கூடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகு பிளந்திருக்கும், உள்ளே ஒன்றும் இராது. அது தும்பியின் பழைய தோல். அந்தத் தும்பி தன் இளம்பருவம் முழுவதையும் தண்ணீருக்குள்தான் கழித்தது. மடித்து வைத்திருக்கும் கீழ்த்தாடையைச் சட்டென நீட்டி நுளம்புப் புழுக்களைக் கவ்வித் தின்று வளர்ந்தது. வளர்ந்தபிறகு தண்டில் ஏறித் தோலைக் கழற்றிவிட்டுப் பறந்துவிட்டது. பறக்கும்போதும் நுளம்பு அதன் சாப்பாடுகளில் ஒன்று. அந்தக் கோரை இல்லையென்றால் ஏறுவதற்குத் தண்டு இல்லை. கோரைக்குள்தான் தாழைக்கோழி கூடு கட்டும், தவளை முட்டையிடும். கொக்குக்கு நின்று மீன் பிடிக்க ஆழமில்லாத கரை வேண்டும். குளத்தில் உயிர் அதிகமாக இருப்பது நடுவில் அல்ல, இந்த நாலைந்து அடி விளிம்பில்தான்.

இதனால்தான், செங்குத்தாகச் சீமெந்துச் சுவர் எழுப்பிய குளத்தைப் பார்த்தால் எனக்கு மனம் கஷ்டப்படும். பார்க்கத் துப்புரவாக இருக்கும். விளிம்பு செத்துப்போயிருக்கும். பக்கவாட்டில் தண்ணீர் மண்ணுக்குள் கசிவதும் நின்றுவிடும். நமது பழைய தெருவோரக் கேணிகளைக் கவனித்திருக்கிறீர்களா? கல்லால் கட்டியிருந்தாலும் ஒரு பக்கத்தை மாடுகள் இறங்கித் தண்ணீர் குடிக்கச் சாய்வாக விட்டிருப்பார்கள், பக்கத்தில் மாடுகள் உடம்பை உரசிக்கொள்ளும் ஆவுரஞ்சிக்கல் நிற்கும். அந்தச் சாய்வு மாட்டுக்கு மட்டும் உதவவில்லை, தவளைக்கும் ஆமைக்கும் அதுதான் படிக்கட்டு. குளத்தைத் திருத்தும்போது ஒரு பக்கத்தில் நடைபாதையும் கதிரையும் வரட்டும், மனிதர் வந்து இருந்தால்தான் குளத்தின்மேல் அக்கறையும் வரும். எதிர்ப்பக்கக் கரையையாவது சாய்வாக, கோரையோடு விட்டுவிடலாம்.

குளத்துக்கு நாம் கொடுக்கும் விலை

முதலாவது ஆவியாதல். கோடையில் ஒரு குளம் நாளுக்கு 5 மில்லிமீற்றர் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கருக்கு அது 20,000 லீற்றர். மாரியில் நிறைந்து, சில மாதங்களில் நிலத்துக்குள் இறங்கி வற்றிவிடும் குளத்துக்கு இந்த இழப்பு பெரிதல்ல, அதன் தண்ணீர் வெயிலுக்கு முன்பே கீழே போய்விடுகிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், கோடையிலும் தண்ணீர் நிற்கவேண்டுமென்று குளத்தை ஆழமாகத் தோண்டும்போது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அது குளம் அல்ல, வாய் திறந்த ஒரு பெரிய கிணறு. சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீர் அதற்குள் ஊறி வந்து வெயிலில் ஆவியாகிவிடும். கோடையில் வற்றும் குளத்தைப் பார்த்து அது கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. பெரிய மீன்கள் நிலைக்காத அப்படியான குளத்தில்தான் வாற்பேய்கள் தப்பிப் பிழைத்துத் தவளையாகின்றன.

தூர்வாருவதிலும் இதே கவனம் வேண்டும். பல ஆண்டுச் சேறு தடிப்பாகப் படிந்தால் தண்ணீர் இறங்காது, குளத்தின் கொள்ளளவும் குறையும். அளவுக்கு மிஞ்சி உக்கும் குப்பை சேர்ந்தால் அதே ஒட்சிசன் இல்லாத சேறு மெதேன் வாயுவையும் விடத் தொடங்கும். அது புவியைச் சூடாக்கும் வாயு. ஆகவே வார வேண்டும். ஆனால் வெறும் கல் தெரியும்வரை சுரண்டிவிட்டால் நைத்திரேற்றைத் தின்னும் அந்தச் சேற்றுப் படையும் போய்விடும், கல்லின் வெடிப்பும் நேரே திறந்துகொள்ளும். மேல்சேற்றை மட்டும் எடுத்து, அடியில் ஒரு மெல்லிய படை விட்டுவைப்பதுதான் சரியான வழி.

இங்கேதான் மிகப் பெரிய ஆபத்தைச் சொல்ல வேண்டும். மணல் நிலத்தில் அழுக்குத் தண்ணீர் மெதுவாக இறங்கும்போது ஓரளவு வடிகட்டப்படும். சுண்ணாம்புக்கல் வெடிப்பில் அப்படி நடக்காது. இன்று குளத்தில் சேர்ந்த அழுக்கு சில நாட்களிலேயே அயல் கிணற்றில் வந்து நிற்கலாம். கடைத்தெருவின் வெள்ளவாய்க்காலில் வாகனம் கழுவிய எண்ணெய், உணவுக்கடைக் கழிவு, மலக்குழிக் கசிவு எல்லாம் கலந்து வருகின்றன. அதை அப்படியே குளத்துக்குள் விட்டால் நாம் மழைநீரைச் சேமிக்கவில்லை, கிணறுகளுக்கு நஞ்சு ஊட்டுகிறோம். குளத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு படிவுத் தொட்டி, அதற்கடுத்து நாணலும் கோரையும் அடர்ந்த ஒரு பகுதி, அதைத் தாண்டித்தான் குளம் என்று வைத்தால் மண்ணும் எண்ணெயும் பெரும்பாலும் வழியிலேயே நின்றுவிடும். அந்தத் தொட்டியை ஒவ்வொரு மாரிக்கு முன்னும் ஆள்வைத்துத் துப்புரவாக்க வேண்டும். திறப்புவிழாவுக்குக் கிடைக்கும் காசு இதற்குக் கிடைப்பதில்லை என்பதுதான் உண்மையான கஷ்டம்.

நுளம்பு? குளம் என்றவுடன் அயலவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. டெங்குவைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் சிறிய பாத்திரங்களைத்தான் தேடும்: சிரட்டை, பழைய ரயர், யோகட் கோப்பை, அடைபட்ட கூரைப் பீலி. மீனும் தும்பியும் இருக்கும் திறந்த குளம் அதற்குப் பிடித்த இடமல்ல. ஆனால் குளத்துக்குள் கழிவுநீர் சேர்ந்து மீன் செத்துவிட்டால் அழுக்குநீர் நுளம்புகள் பெருகும். கரையில் வீசும் பிளாஸ்ரிக் கோப்பைகளில் டெங்கு நுளம்பும் பெருகும். அதாவது குளம் உயிரோடு இருக்கும்வரை நுளம்பு குறைவு.

வெயிலைத் தணிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் குளத்துக் காற்று இதமாக இருக்கும். இரவில் தண்ணீர் பகல் வெப்பத்தை மெல்ல வெளிவிடும், ஈரப்பதனும் கூடும். நம்மூரில் ஏற்கனவே வியர்வை காயாது. எனவே குளத்தைச் சுற்றி மருதமும் பூவரசும் நட்டு நிழல் சேர்த்தால்தான் முழுப் பலன்.

பசுமைக் கூரை

மாடியில் பூச்சாடி வைப்பது வேறு, பசுமைக் கூரை வேறு. இதில் கூரையே நிலமாகிறது. கொங்கிறீட் தட்டின்மேல் நீர்புகாத ஒரு படை, வேர் துளைக்காத ஒரு விரிப்பு, மிஞ்சிய தண்ணீர் ஓட ஒரு வடிகால் படை, மண் கீழே இறங்காமல் ஒரு வடிதுணி, அதற்கு மேல் இலேசான வளர்ப்பு மண், கடைசியில் செடி. இந்த வரிசையில் ஒன்று பிசகினாலும் கீழ் அறையில் ஒழுக்கு வரும்.

இதன் நன்மை உண்மையானது. உச்சி வெயிலில் வெறும் கொங்கிறீட் தட்டு 50 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். செடி மூடிய கூரை வெளிக்காற்றின் வெப்பத்துக்குக் கிட்டவே நிற்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.7 யூனிற் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை, அந்த வெப்பம் வீட்டுக்குள் இறங்குவதற்குப் பதிலாகக் காற்றோடு போய்விடுகிறது. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பூ கிடைக்கும். நீர்புகாப் படையில் நேரே வெயில் படாததால் அதன் ஆயுளும் கூடும்.

ரொறன்ரோ மாநகரம் 2009 இல் பெரிய புதுக் கட்டடங்களுக்குப் பசுமைக் கூரை வேண்டுமென்று விதி கொண்டுவந்தது. அங்கே மழை வருடம் முழுவதும் பரவலாகப் பெய்கிறது. பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால், மழை கூடினால் கழிவு பொங்கி ஏரியில் கலக்கும். கூரை கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைத்தால் அந்த நகரத்துக்குப் பெரிய உதவி.

இங்கே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 10 சென்ரிமீற்றர் வளர்ப்பு மண் இருந்தால், காய்ந்திருக்கும்போது 2,500 லீற்றர் அளவில் உறிஞ்சும். ஐப்பசியின் முதல் மழைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். கார்த்திகை வந்து நாள்தோறும் பெய்யத் தொடங்கினால் மண் ஊறிக்கிடக்கும், மேலே விழும் தண்ணீர் அப்படியே வழிந்து ஓடும். வெள்ளம் வரும் மாதத்தில்தான் அதன் கை கட்டப்பட்டிருக்கும். கோடைக்கு வந்தால் இன்னொரு பக்கம் இடிக்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வைகாசியிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும், மெல்லிய மண் இரண்டு நாளில் காய்ந்துவிடும். புல்லைப் பச்சையாக வைத்திருக்க அதே கூரைக்கு நாளுக்கு 400 லீற்றரேனும் ஊற்ற வேண்டிவரும். எங்கிருந்து? கிணற்றிலிருந்து, உப்பு மேலே வரக் காத்திருக்கும் மாதத்தில். பிரண்டை, கற்றாழை, சாறணை போன்ற தண்ணீர் கேட்காத செடிகளை வைத்தால் அவை பிழைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரைக் கஞ்சத்தனமாக விடும் செடி குளிர்ச்சியையும் கஞ்சத்தனமாகத்தான் தரும். பசுமைக் கூரையின் மையச் சிக்கல் இதுதான், எந்த விற்பனைப் படத்திலும் இதைக் காட்டுவதில்லை.

பாரத்தையும் சொல்லியாக வேண்டும். ஆட்கள் ஏறும் மொட்டைமாடியைச் சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவு சுமைக்கே வழமையாக வடிவமைப்பார்கள். சாதாரணச் செம்மண்ணை 10 சென்ரிமீற்றருக்குப் பரப்பி மழையில் ஊறவிட்டால் 180 கிலோ வரும். தேங்காய்த் தும்புத் தூள் கலந்த இலேசான மண்தான் வேண்டும், அதுவும் பொறியியலாளர் ஒருவர் கட்டடத்தைப் பார்த்தபிறகு. உவர்த் தண்ணீரில் கொங்கிறீட் குழைத்துக் கட்டிய வீடுகளில் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கக்கூடும். அங்கே ஈர மண்ணை ஏற்றுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். காகம் கொண்டுவந்து போடும் ஆல், அரசு விதைகள் முளைத்தால் உடனே பிடுங்கவும் வேண்டும். அவற்றின் வேருக்கு விரிப்புத் தாக்குப்பிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

அப்படியென்றால் எங்கே பொருந்தும்? கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி மாதிரி ஒரு துண்டு மண்கூட மிஞ்சாத இடத்தில், புதிதாகக் கட்டும் பெரிய கட்டடங்களில். அங்கே குளத்துக்கு இடமில்லை, வெப்பமோ தாங்க முடியாதது. அந்தக் கட்டடங்களின் ஏசி இயந்திரங்கள் வடிக்கும் தண்ணீரையே செடிகளுக்கு விடலாம். கவனியுங்கள், குளிர்ச்சி மேல்மாடிக்குத்தான் கிடைக்கும், கீழ்த்தளக் கடைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

சாதாரண வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது வேறு. கொங்கிறீட் தட்டுக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். பாதி வெயிலையாவது அது திருப்பி அனுப்பிவிடும், செலவும் குறைவு. நிலத்தில் நட்ட பாகலோ புடலையோ மாடிப் பந்தலுக்கு ஏறட்டும். வேர் வளவில் இருக்கும், நிழல் கூரைக்குக் கிடைக்கும், தட்டுக்குப் பாரமும் இல்லை.

கூரைத் தண்ணீரைத்தான் வீணாக்கக் கூடாது. 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர். முதல் மழையின் தூசியையும் பறவை எச்சத்தையும் வெளியே கழித்துவிட்டு, மிச்சத்தைப் பீலி வழியாகக் கல்லும் சல்லியும் மணலும் நிரப்பிய ஒரு குழிக்கு விடுங்கள். குழியை மலக்குழியிலிருந்து 50 அடியாவது தள்ளி வையுங்கள். மூடியும் போட்டுவிடுங்கள், நுளம்புக்கு வழியிராது. பீலியில் சேர்ந்த சருகைப் புரட்டாதிக்குள் எடுத்துவிட்டால் ஐப்பசியின் இரண்டாவது மழையிலிருந்தே தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கும்.